என் மடியிலிருந்த பாட்டில்: பயாப்ஸிக்கு முன்பே எனக்குத் தெரிந்திருக்க வேண்டியவை

அறுவை முடிந்த அன்று மாலை வீட்டுக்குக் கிளம்பும்போது, நர்ஸ் என் கையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கொடுத்து, "இதை லேபில் சேர்த்துவிடுங்கள்" என்றார். ஊறுகாய் பாட்டில் அளவுகூட இல்லை, வாயும் குறுகல். என் வலது மார்பிலிருந்து எடுத்த கட்டியை அதற்குள் அழுத்தித் திணித்திருந்தார்கள். கட்டி பாட்டிலின் சுவர்களோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி இரண்டு ஸ்பூன் அளவுக்குத் தண்ணீர் போன்ற ஒரு திரவம். மூடியைச் சரியாகத் திருகாததால் அந்த வாடை பையைத் தாண்டி வந்து கண்ணை எரித்தது. மூடியின் மேல் என் பெயரின் முதல் பாதி மட்டும் பேனாவால் எழுதியிருந்தது. தையல் போட்ட இடம் இழுத்துப் பிடிக்க, அந்தப் பாட்டிலை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். கட்டி வெளியே வந்துவிட்டது, பாதிக் கிணறு தாண்டிவிட்டோம் என்றுதான் அப்போது நினைத்தேன். என் சிகிச்சை முழுவதையும் தீர்மானிக்கப்போவது அந்தப் பாட்டிலுக்குள் இருந்த திசுதான் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டரை மாதமும் ஆறு மாதச் சம்பளமும் மிஞ்சியிருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு 54 வயது. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட கட்டி, வலி இல்லை. ஸ்கேன் எடுத்த மருத்துவர் ஓரங்கள் ஒழுங்காக இல்லை என்று சொல்லி ஊசி சோதனைக்கு அனுப்பினார். மெல்லிய ஊசியால் சில செல்களை உறிஞ்சி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்க்கும் சோதனை அது. ரிப்போர்ட்டில், "இயல்புக்கு மாறான சில செல்கள் காணப்படுகின்றன, திசுப் பரிசோதனை மூலம் உறுதி செய்யவும்" என்று இருந்தது. புற்றுநோய் என்ற சொல் அதில் இல்லை. அந்த ஒரு சொல் இல்லாததைப் பிடித்துக்கொண்டு மூன்று வாரம் சும்மா இருந்தேன். தங்கையிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள், அவளைத் தேற்றும் வலு எனக்கு இல்லை என்று தோன்றியது.

இங்கே ஒரு விஷயத்தை நிறுத்திச் சொல்லியாகவேண்டும். மெல்லிய ஊசி சோதனையில் கிடைப்பவை உதிரிச் செல்கள். செங்கல்லை மட்டும் பார்த்துவிட்டுக் கட்டடம் எப்படி இருந்தது என்று சொல்ல முடியாது. பால்குழாய்க்குள் அடங்கியிருக்கும் புற்றா, குழாயின் சுவரைத் தாண்டிப் பரவத் தொடங்கிய புற்றா என்று அந்தச் செல்களை வைத்துப் பிரிக்க முடியாது. "போதிய செல்கள் இல்லை", "சந்தேகத்துக்குரிய செல்கள்" என்ற வரிகளுக்கு "ஒன்றுமில்லை" என்று பொருள் கிடையாது. கையால் தொட்டுப் பார்த்தது, ஸ்கேன் காட்டியது, ஊசி சொன்னது ஆகிய மூன்றும் ஒரே பதிலைச் சொல்லவேண்டும். ஒன்று பிசகினாலும் அடுத்த சோதனைக்குப் போயாகவேண்டும். அந்த அடுத்த சோதனை கோர் பயாப்ஸி. மரத்துப்போகச் செய்துவிட்டு, சற்றுத் தடித்த ஊசியால் பென்சில் முனை ஈயம் போன்ற மெல்லிய திசுக் குச்சிகளை எடுப்பார்கள்.

எனக்கு அது நடக்கவில்லை. பக்கத்திலிருந்த ஒரு சிறிய மருத்துவமனையின் அறுவை மருத்துவர், "எதற்குத் திரும்பத் திரும்ப ஊசி? கட்டியையே எடுத்துவிடலாம்" என்றார். அந்தச் சொல் எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று இன்றும் நினைவிருக்கிறது. உடம்பில் வேண்டாதது இருக்கிறது, வெட்டி எறிந்துவிட்டால் தீர்ந்தது. உடனே சம்மதித்தேன். கோர் பயாப்ஸி செய்து இது இன்ன வகைப் புற்று என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால், எவ்வளவு அகலத்துக்கு வெட்டவேண்டும், அக்குளின் நிணநீர் முடிச்சுகளை எப்படிச் சோதிக்கவேண்டும் என்று திட்டமிட்டு ஒரே அறுவையில் முடித்திருப்பார்கள். சில வகைகளுக்குக் கீமோவை முதலில் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டுத்தான் கத்தியே வைப்பார்கள். என்ன கட்டி என்று தெரியாமல் அதை எடுக்கச் சம்மதித்தது, இந்தக் கதையில் நான் செய்த பெரிய தவறு. சந்தேகமான கட்டி எதுவாக இருந்தாலும், "இதற்குக் கோர் பயாப்ஸி செய்துவிட்டீர்களா, ரிப்போர்ட் வந்துவிட்டதா?" என்று கேட்காமல் அறுவைக்கு நாள் குறிக்காதீர்கள்.

பாட்டிலுக்கு வருகிறேன். நான் போனபோது லேப் மூடிவிட்டது. மறுநாள் ஞாயிறு. திங்கள்கிழமை காலையில்தான் கொடுக்க முடிந்தது. கவுன்டரில் இருந்த பெண் படிவத்தைப் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். படிவத்தில் "மார்பகக் கட்டி" என்பதைத் தவிர வேறொன்றும் எழுதப்படவில்லை. வலது என்று நான் வாயால் சொல்ல, அவர் எழுதிக்கொண்டார். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

உடம்பிலிருந்து வெளியே எடுத்த நிமிடத்திலிருந்து திசு அழுகத் தொடங்குகிறது. அதைத் தடுத்து, இருந்த நிலையிலேயே உறையவைக்கும் திரவம்தான் ஃபார்மலின். திசுவின் பருமனைப் போலப் பத்து மடங்காவது ஃபார்மலின் இருக்கவேண்டும், திசு அதில் தாராளமாக மூழ்கவேண்டும். மார்பகத் திசு என்றால் எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினுக்குள் போய்ச் சேரவேண்டும், குறைந்தது 6 மணி நேரமும் அதிகபட்சம் 72 மணி நேரமும் அதில் ஊறவேண்டும் என்று விதியே வகுத்து வைத்திருக்கிறார்கள். கட்டி பெரிதாக இருந்தால் அப்படியே முழுசாகப் போட்டால் போதாது. ஃபார்மலின் மிக மெதுவாகத்தான் உள்ளே இறங்கும். ஓரம் பதமாகிக்கொண்டிருக்கும்போது நடுப்பகுதி கெட்டுக்கொண்டிருக்கும். அதனால்தான் நல்ல இடங்களில் கட்டியை உடனே லேபுக்கு அனுப்பி, வெளிப்பரப்பில் மை தடவி, சீவல் சீவலாக வெட்டி ஊறவைக்கிறார்கள். என் கட்டியோ இரண்டு ஸ்பூன் திரவத்தில், வெட்டப்படாமல், ஒன்றரை நாளுக்கு மேல் என் அலமாரியில் இருந்தது.

ஆகவே அறுவைக்கு முன்பே இவற்றைக் கேட்டுவிடுங்கள். திசுவை லேபுக்கு யார் கொண்டுபோவார்கள், எப்போது? முடிந்தவரை அந்தப் பொறுப்பு உங்கள் கைக்கு வரக்கூடாது. வந்தால், பெயரும் பக்கமும் எடுத்த நேரமும் பாட்டிலின் உடம்பில் ஒட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். மூடியில் எழுதினால் மூடி மாறிப்போகும். படிவத்தில் கட்டி இருந்த இடம், ஸ்கேன் சொன்னது, முந்தைய ஊசி சோதனையின் முடிவு, முன்பு ஏதாவது சிகிச்சை நடந்ததா என்பதெல்லாம் எழுதியிருக்கவேண்டும். லேபில் இருப்பவர் உங்களைப் பார்ப்பதில்லை. அந்தப் படிவம்தான் அவருக்கு நீங்கள்.

ஒன்பது நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. அந்த ஒன்பது நாளும் தூக்கம் கிடையாது. தினமும் லேபுக்குப் போன் செய்து திட்டு வாங்கினேன். பிறகுதான் தெரிந்தது, திசுவை அவசரப்படுத்த முடியாது. ஊறிய திசுவிலிருந்து நீரை ஆல்கஹாலால் வெளியேற்றி, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று, நான்கு பங்கு தடிமனில் சீவி, கண்ணாடியில் ஏற்றிச் சாயம் போடவேண்டும். அதன் பிறகுதான் ஒருவர் மைக்ரோஸ்கோப்பில் கண் வைக்கிறார்.

ரிப்போர்ட்டில் மூன்று வரிகள். பரவும் வகை மார்பகப் புற்றுநோய், தரம் 2, அளவு 2.3 சென்டிமீட்டர். கீழே ஒரு குறிப்பு: "திசுவின் திசை குறிக்கப்படாததாலும் மேற்பரப்பு சிதைந்திருப்பதாலும் வெட்டு ஓரங்களை மதிப்பிட இயலவில்லை. ஏற்பிச் சோதனைகள் பரிந்துரைக்கப்படுகின்றன." மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். புற்றுநோய் என்று தெரிந்ததற்காக மட்டும் அந்த அழுகை இல்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தேன், அந்தத் தாள் எதுவுமே முடியவில்லை என்றது.

ஏற்பி என்பது, 'பெருகு' என்று வரும் சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும் செல்லின் புரதம். மார்பகப் புற்றில் மூன்று ஏற்பிகளின் விவரம் இல்லாமல் மருந்தே தொடங்க முடியாது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்-2. முதல் இரண்டில் ஒன்று இருந்தாலும் ஹார்மோன் மாத்திரை வேலை செய்யும் வாய்ப்பு உண்டு. புற்றுச் செல்களில் நூற்றுக்கு ஒன்று சாயம் ஏற்றாலே 'உண்டு' என்றுதான் கணக்கு. ஹெர்-2 மிகுந்திருந்தால் 1998 முதல் புழக்கத்தில் இருக்கும் டிராஸ்டுசுமாப் போன்ற மருந்துகள் உண்டு. மூன்றும் இல்லையென்றால் வழி வேறு. முதல் லேபில் இந்தச் சோதனைகளைத் தனியாகப் பணம் கட்டிச் செய்தேன். எட்டு நாள் கழித்து, மூன்றும் இல்லை என்று வந்தது. நீண்ட கீமோ, ஹார்மோன் மாத்திரைக்கு இடமில்லை. இணையத்தில் தேடியதில் கிடைத்ததெல்லாம் பயமுறுத்தியது. என் சேமிப்புக் கணக்குகளின் விவரத்தை ஒரு தாளில் எழுதி, தங்கையின் பெயர் போட்ட உறையில் வைத்தேன்.

என்னைக் காப்பாற்றியது புற்றுநோய் மருத்துவரின் ஒரு சந்தேகம். ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்துவிட்டு, "கட்டியின் முகமும் இந்த முடிவும் பொருந்தவில்லையே அம்மா" என்றார். தரம் என்பது மூன்று மதிப்பெண்களின் கூட்டுத்தொகை. செல்கள் குழாய் வடிவத்தை எவ்வளவு தக்கவைத்திருக்கின்றன, அவற்றின் கருக்கள் எவ்வளவு உருமாறியிருக்கின்றன, எவ்வளவு வேகமாகப் பிளந்து பெருகுகின்றன என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை. கூட்டினால் 5 வரை தரம் 1. 6, 7 வந்தால் தரம் 2. 8, 9 தரம் 3. எனக்கு 6. இவ்வளவு நிதானமான கட்டியில் மூன்று ஏற்பிகளும் இல்லாமல்போவது அபூர்வம். "பிளாக்குகளையும் ஸ்லைடுகளையும் வாங்கிக்கொண்டு பெரிய மையத்தில் ஒருமுறை காட்டுங்கள்" என்று கடிதம் கொடுத்தார்.

பிளாக் என்பது திசு பதிந்த மெழுகுக் கட்டை. பாதித் தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக் சட்டத்தில் வெள்ளை மெழுகு, அதன் நடுவே பழுப்பாக ஒரு கறை போல உங்கள் திசு. பல ஆண்டுகள் கெடாது. அந்த லேபில் முதல் முறை கேட்டபோது கொடுக்கவில்லை. மருத்துவரின் கடிதத்தோடும் என் கையெழுத்திட்ட விண்ணப்பத்தோடும் மறுபடி போனபிறகு நான்கு பிளாக்குகளும் ஆறு ஸ்லைடுகளும் கிடைத்தன. வாங்கும்போது ஒவ்வொன்றின் எண்ணையும் ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஸ்லைடு மட்டும் போதும் என்று சொன்னாலும் பிளாக்கையும் சேர்த்துக் கேளுங்கள், மறுசாயம் போட அதுதான் வேண்டும். மெழுகு உருகும், வெயிலில் நிற்கும் வண்டியில் விட்டுவிடக்கூடாது. வேலை முடிந்ததும் முதல் லேபில் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். நாளைக்குப் புதிய மருந்து ஒன்று வந்து புதிய சோதனை தேவைப்பட்டால் தேடிப்போக வேண்டியது அந்தக் கட்டையைத்தான்.

பெரிய மையத்தில் திசுவை ஆராய்ந்து ரிப்போர்ட் எழுதும் பெத்தாலஜி மருத்துவரை நேரில் பார்க்கலாம் என்றே எனக்குத் தெரியாது. கேட்டேன், சம்மதித்தார். என் வயதுதான் இருக்கும். இரண்டு பேர் பார்க்கும் மைக்ரோஸ்கோப்பின் மறுபக்கம் என்னை உட்காரவைத்தார். வெளிர் சிவப்பு வயல் முழுக்கக் கருநீலப் புள்ளிகள். ஓரிடத்தில் புள்ளிகள் வட்டமாக, வரிசை குலையாமல் நின்றன. "இது உங்கள் நல்ல பால்குழாய்." சற்றுத் தள்ளி அவை சிறு சிறு கும்பலாக, இடம் தேடி நெருக்கிக்கொண்டு கிடந்தன. "இது கட்டி." பிறகு ஏற்பிச் சோதனையின் ஸ்லைடை மாற்றினார். அதே வட்டம், அதே கும்பல், இரண்டும் வெறும் வெளிறிய நீலம். "ஏற்பி இருந்தால் கரு பழுப்பாகும். இந்த நல்ல குழாயில் எப்போதும் சில செல்களாவது பழுப்பாகவேண்டும். ஒன்றுகூட ஆகவில்லை பாருங்கள். நல்ல திசுவிலேயே சாயம் ஏறாதபோது, கட்டியில் ஏற்பி இல்லை என்று எப்படி எழுதுவது? இது கெட்ட செய்தி இல்லை அம்மா, தோற்றுப்போன சோதனை." என் கை நடுங்கியது. அந்த வட்டத்தைத் திரும்பவும் காட்டச் சொன்னேன்.

நான்கு பிளாக்குகளில் மூன்று கட்டியின் நடுப்பகுதியிலிருந்து வந்தவை, ஃபார்மலின் சரியாகச் சேராத இடம். நான்காவது வெளியோரம். அதில் மறுசாயம் போட்டார்கள். நல்ல குழாய் பழுப்பானது. கட்டியும் பழுப்பானது, நூற்றுக்குத் தொண்ணூறு செல்கள். ஹெர்-2 மதிப்பு 2 என்று வந்தது. 0, 1 என்றால் மிகுதி இல்லை, 3 என்றால் மிகுதி, 2 இரண்டுங்கெட்டான். அதைத் தீர்க்க ஃபிஷ் என்று மரபணுவையே எண்ணிப்பார்க்கும் சோதனை செய்யவேண்டும். இன்னும் பத்து நாள், இன்னும் செலவு. மிகுதி இல்லை என்று முடிவானது. 2 என்று வந்த ரிப்போர்ட்டோடு யாராவது உங்களுக்கு ஹெர்-2 மருந்தைத் தொடங்கினாலோ, மறுத்தாலோ, ஃபிஷ் முடிவு எங்கே என்று கேளுங்கள்.

ஓரங்கள் தெரியாததால் இரண்டாவது அறுவை தவிர்க்க முடியாமல் போனது. இம்முறை தங்கை உடன் வந்தாள். எடுத்த திசுவில் மேல்பக்கத்துக்குக் குட்டை நூல், வெளிப்பக்கத்துக்கு நீள நூல் கட்டி, ஊழியர் ஒருவர் நேரே லேபுக்கு எடுத்துக்கொண்டு ஓடினார். பக்கத்துக்கு ஒரு நிறமாக மை தடவி வெட்டினார்கள். ஸ்லைடில் மைக்கோடு தெரியும். பரவும் புற்று அந்த மையைத் தொடவில்லை என்றால் ஓரம் சுத்தம். எனக்குள் இன்னும் 6 மில்லிமீட்டர் கட்டி மிச்சம் இருந்திருக்கிறது. "எடுத்தாயிற்று" என்று நான் நிம்மதியாகத் திரிந்த நாட்களில் அது உள்ளேயே இருந்தது. மையிலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளி நின்றது, புற்று பரவினால் முதலில் போய்ச் சேரும் அக்குளின் காவல் முடிச்சுகள் இரண்டும் சுத்தம். புதிய திசுவிலும் ஏற்பி தொண்ணூறு விழுக்காடுதான்.

கீமோ தேவையா என்ற கேள்வி மிச்சமிருந்தது. என்னைப் போன்ற கட்டிகளுக்கு 21 மரபணுக்களை அளந்து மதிப்பெண் போடும் சோதனை இருக்கிறது, அதே பிளாக்கிலிருந்துதான் செய்கிறார்கள். 10,000க்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து நடத்திய டெய்லர்எக்ஸ் ஆய்வின் முடிவு 2018இல் வெளிவந்தது. முடிச்சுக்குப் பரவாத, ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்-2 இல்லாத புற்றில், 50 வயதைக் கடந்தவர்களுக்கு மதிப்பெண் 25 வரை இருந்தால் கீமோவால் கூடுதல் பயன் இல்லை என்று அது காட்டியது. எனக்கு 17. கதிர்வீச்சும் தினம் ஒரு லெட்ரோசோல் என்ற ஹார்மோன் மாத்திரையும் என்று முடிவானது. முதல் ரிப்போர்ட்டையே நம்பியிருந்தால், தேவையில்லாத கீமோவை மாதக்கணக்கில் ஏற்றிக்கொண்டு, தேவையான மாத்திரையைச் சாப்பிடாமலே இருந்திருப்பேன். இதை நினைத்தால் இன்றும் அடிவயிறு கலங்குகிறது.

காத்திருப்பு அறைகளில் கேட்டுத் தெரிந்து, பிறகு மருத்துவரிடம் உறுதிப்படுத்திக்கொண்ட சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். கழுத்திலோ அக்குளிலோ நெறிக்கட்டி, லிம்ஃபோமா எனும் நிணநீர்ப் புற்று என்று சந்தேகித்தால், மெல்லிய ஊசியோடு நிறுத்தாமல் முடிந்தவரை முழு முடிச்சையும் எடுத்துப் பார்ப்பது நல்லது. அதில் ஒரு துண்டை ஃபார்மலினில் போடாமல் பச்சையாகவே அனுப்பவேண்டியிருக்கும், ஆகவே லேபிடம் முன்பே பேசச் சொல்லுங்கள். பெருங்குடல் புற்று அறுவையில் குறைந்தது 12 முடிச்சுகளை ஆராய்ந்திருக்கவேண்டும். ரிப்போர்ட்டில் எண்ணிக்கை குறைவாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். நுரையீரலில் கிடைக்கும் துணுக்கு மிகச் சிறியது, அதை வைத்துத்தான் இஜிஎஃப்ஆர், ஏஎல்கே போன்ற மரபணு மாற்றங்களையும் தேடவேண்டும். முதல் சோதனையிலேயே எல்லாவற்றையும் சீவித் தீர்த்துவிட்டால் மறுபடியும் ஊசிதான்.

போன மாதம் உடன் வேலை பார்க்கும் பெண் ஒருத்திக்கு மார்பில் கட்டி. கோர் பயாப்ஸி முடிந்து, வகை தெரிந்து, அறுவைக்கு நாள் குறித்தார்கள். நான் கூடப் போனேன். அரங்குக்கு வெளியே நர்ஸ் மேசைமேல் எடுத்து வைத்த பாட்டிலைப் பார்த்தேன். "சிஸ்டர், இதைவிடப் பெரியது இருக்கிறதா?" என்று கேட்டேன். என் முகத்தில் என்ன கண்டாரோ, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் அகலவாய்ப் பாத்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார். முக்கால் மணி நேரம் கழித்து அது வெளியே வந்தபோது, இரண்டு நூல்களோடு அவள் கட்டி அதில் தாராளமாக மிதந்துகொண்டிருந்தது.